நடுப்படி

மெழுகுவத்தியைத் தேய்த்தால் ஷட்டர் வழுக்கிக்கொண்டு போகும் என்று முதலில் சொன்னது யார், அப்பாவா, இல்லை இந்த டிவிப் பெட்டியை விற்ற கோவில்பட்டி ஸ்டூடியோக்காரரா என்று யோசித்தபடியே சசிரேகா மரத்தடத்துக்குள் மெழுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருமே சொல்லியிருக்கலாம். ஷட்டர் வைத்த டிவி இருந்த வீடுகளில் மெழுகுவத்தி கரண்டு போகிற நேரத்துக்காக மட்டும் இருந்ததில்லை. தேய்த்தது போதும், இரண்டு பக்கமும் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது, ஆனாலும் கை நிற்கவில்லை. கை நின்றால் காது திறந்துகொள்ளும், காது திறந்தால் தெருவில் போகிற ஒவ்வொரு ஸ்கூட்டரும் உள்ளே வந்துவிடும். “ஒங்க அண்ணன் வண்டிய எடுத்துட்டுக் கெளம்பிட்டாவ. நான் சொன்னா எங்க கேக்காவ? தங்கச்சி டிவி வாங்கிருக்கா, பாக்கணுமாம்” என்று புஷ்பம் மதினி போனில் சொன்னாள்; பிறகு, “நீங்க கேளுங்க சசி, நான் கேட்டா வள்ளுனு விழுதாவ” என்றாள். எதைக் கேட்க வேண்டும் என்று இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளவில்லை. முத்தையாபுரத்திலிருந்து இங்கே வருகிற ரோடு துறைமுகத்துக்குப் போகிற லாரிகளின் ரோடு. உப்பு லாரி, கண்டெய்னர் லாரி, நடுவில் மீன் கூடை கட்டிய டிவிஎஸ்கள், அதற்கும் நடுவில் திரவியம் அண்ணன், ஹெல்மெட்டைக் கண்ணாடிக்கு மேல் ஏற்றி விட்டுக்கொண்டு. அவன் இப்போது பாலத்தில் இருப்பான். இல்லை, பாலம் தாண்டியிருப்பான். தாண்டியிருக்க வேண்டும்.

போன வாரம் அவன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அது அவளுக்குத் தட்டுப்பட்டது. அண்ணன் அவளுடைய காதைப் பார்த்துப் பேசினான். காதில் என்ன, தோடு கழன்றிருக்கிறதா என்று தொட்டுக்கூடப் பார்த்தாள். அப்புறம் கவனித்தாள், மதினியிடம் பேசும்போது மதினியின் தோளைப் பார்க்கிறான், ரசத்தை ஊற்றும்போது டம்ளருக்குப் பக்கத்து இலையைப் பார்க்கிறான், ஆனால் ரசம் டம்ளரில்தான் விழுகிறது, கொஞ்சம் சிந்தி. எதையுமே நேராகப் பார்க்காமல் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கிற அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். ஊர் திரும்புவதற்கு முன், இங்கிலாந்தில், லீட்ஸில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அவள் பார்த்தது மொழிபெயர்ப்பு வேலை, டாக்டர் இங்கிலீஷில் சொல்வதைத் தமிழில் சொல்வது, தமிழில் அழுவதை இங்கிலீஷில் சொல்வது. கண் பிரிவில் உட்கார்ந்த நாட்களில் சர்க்கரைக்காரர்கள் வருவார்கள், அவள் முகத்தைப் பார்க்காமல் அவளுக்குப் பின்னாலிருக்கும் சுவரைப் பார்த்து, “ஓரமெல்லாம் நல்லாத் தெரியுதும்மா” என்பார்கள். அந்த நோய்க்கு டாக்டர்கள் சொல்லுகிற சொல்லுக்குத் தமிழ் தேடி அகராதியில் கிடைத்தது எதுவும் வாயில் நிற்காமல், கடைசியில் அவளாகவே ஒன்று வைத்துக்கொண்டாள், கண்ணின் நடுப்புள்ளி. “ஐயா, உங்க கண்ணோட நடுப்புள்ளி கெட்டிருக்குன்னு டாக்டர் சொல்றாங்க. சீக்கிரம் பாத்தா மிச்சத்தக் காப்பாத்தலாமாம். அப்புறம் இனிமே வண்டி ஓட்டக்கூடாதாம்.” எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள், குரல் நடுங்காமல், கையைக்கூடத் தொடாமல், ஏனென்றால் தொடக்கூடாது என்று விதி. முன்பின் தெரியாதவர்களிடம் அவ்வளவு சுலபமாக வந்த வாக்கியம், ரசத்தைச் சிந்திய அண்ணனிடம் வரவில்லை. “லைட்டு சரியில்ல, வோல்டேஜ் கம்மி” என்று அவன் சொன்னதும், ஆமாம் வோல்டேஜ் கம்மிதான் என்று அவளும் டியூப்லைட்டைப் பார்த்துக்கொண்டாள். டியூப்லைட் பளிச்சென்றுதான் எரிந்தது.

ஒரு ஹாரன். இல்லை, அது பஸ். ஈரத்துணியைப் பிழிந்து பெட்டியின் மேல்பலகையைத் துடைத்தாள்; ஈரத்துணியால் துடைக்கக்கூடாது, துடைத்தால் உடனே உலர்ந்த துணியால் ஒத்த வேண்டும், இந்த ஊரின் உப்புக்காற்றுக்கு மரம் பூத்துவிடும். நாலு குச்சிக்கால், இடுப்பு உயரம், ஒரு பக்கம் ஸ்பீக்கரை மூடிய பொன்னிறத் துணி, முன்னால் மரப்பட்டைகளை வரிசையாகக் கோத்த ஷட்டர், நடுவில் பூட்டு. இந்த மாதிரிப் பெட்டியைத் தேடி அவள் பேசாத ஆளில்லை. விளம்பரத்தைப் பார்த்து மதுரைக்குப் போனால் புதுப்பலகையில் பழைய சாயம் பூசி, உள்ளே மீன்தொட்டி வைத்திருந்தார்கள். காரைக்குடியில் கால் மட்டும் இருந்தது. கோவில்பட்டியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனபோது, கல்யாண ஆல்பங்களுக்கு மேஜையாக இது நின்றுகொண்டிருந்தது. மேல்மூலையில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, துடைத்தாலும் போகாமல் மரத்துக்குள் இறங்கியிருந்தது. அவள் சின்ன வயதில் வீட்டிலிருந்த பெட்டியிலும் அதே இடத்தில்தான் பொட்டு. இதுவே அதுவோ என்று ஒரு கணம் நெஞ்சு அடித்துக்கொண்டது, பிறகு சிரிப்பு வந்தது, தமிழ்நாட்டில் எந்த டிவிக்குத்தான் அந்த மூலையில் பொட்டு வைக்கவில்லை. குட்டியானை லாரியில் ஏற்றி, தலையணைக்கு நடுவில் பிள்ளைத்தாய்ச்சி மாதிரிக் கொண்டுவந்தாள். உள்ளே பல்லிமுட்டை, ஒரு ஹேர்பின், யாருடைய கல்யாணத்திலோ மிஞ்சிய ஜிகினா. இப்போது அந்துருண்டை போட்டு வைத்திருக்கிறாள். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, “ஓடும்க்கா, ஆனா ஓடி என்ன செய்ய, இதுக்குப் படம் அனுப்புறதத்தான் நிப்பாட்டிட்டாங்களே, டியூபக் கழட்டிட்டு உள்ள எல்ஈடி வெச்சுருவோம், வெளிய பாத்தா பழசு, உள்ள புதுசு” என்றான். நியாயம்தான். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டாள். போட்டால் திரை முழுக்க எறும்பு. வீட்டில் அதற்கு எறும்பு என்றுதான் பெயர், எறும்பு ஊருது, ஆன்டெனாவத் திருப்பு. லீட்ஸில் அதைப் பனி என்றார்கள். முதல் பனி கொட்டிய காலையில் ஜன்னலோரம் நின்றவளுக்கு, அடடா எறும்பு என்றுதான் தோன்றியது, சொல்லிச் சிரிக்கப் பக்கத்தில் ஆளில்லை. அன்றைக்கே திரும்பியிருக்கலாம்.

எறும்பு ஊர்ந்தால் அண்ணன் தட்டட்டிக்கு ஓடுவான். மொட்டைமாடி என்று சொன்னால் இந்த ஊர்க்காரர்கள் சினிமாப்பேச்சு என்பார்கள், தட்டட்டிதான். அங்கே பனை உயரத்துக்கு ஒரு இரும்புக்குழாய், உச்சியில் ஆன்டெனா, கடலுக்கு அந்தப் பக்கம் பார்த்து. மதராஸ் படம் இந்த மூலைக்கு வந்து சேராத காலம். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கொழும்புக்காரர்களின் படம்தான் அலைமேல் மிதந்து வரும். காற்றடித்தால் போய்விடும், மழைமூட்டம் இருந்தால் பளிங்காக வரும். சிங்களத்தில் செய்தி வாசிப்பார்கள், ஒரு எழவும் புரியாது, தெருவே உட்கார்ந்து வாயைப் பிளந்து கேட்கும். அப்பா பெட்டிக்கு முன்னால், அண்ணன் தட்டட்டியில் குழாயைப் பிடித்துக்கொண்டு, நடுவில் படிக்கட்டில் சசி. அப்பாவின் குரல் மேலே எட்டாது, அண்ணனின் குரல் கீழே எட்டாது, இரண்டுக்கும் அவள்தான் வாய். “வருதா?” “வரலியாம்!” “இப்ப?” “வருதாம் வருதாம், அங்கனயே நிறுத்து!” நடுப்படியிலிருந்து பார்த்தால் திரையும் தெரியாது, ஆன்டெனாவும் தெரியாது, பச்சைச் சுண்ணாம்புச் சுவர் மட்டும் தெரியும். அங்கே நின்றுதான் ஒருநாள் அப்பா “போதும்” என்றதை அவள் “போகுது” என்று மேலே அனுப்பி, அண்ணன் பதறி அடித்து மேலும் திருப்பி, வந்த படமும் போய், செய்தி வாசித்த அம்மாள் தலைகீழாக ஓடி, தெருவே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டது. “போதும்னதப் போகுதுன்னவ” என்பது அன்றிலிருந்து அவளுக்குப் பெயர். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எஸ்ஸேக்குப் பரிசு வாங்கி வந்த அன்றும் அண்ணன் அப்படித்தான் கூப்பிட்டான். அவன் மட்டும் யோக்கியமா. குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்குப் படம் பார்க்க முடியாது, “என்னட்டீ தெரியுது?” என்று கேட்பான், அவளுக்கும் தெரியாது, சுவரைப் பார்த்துக்கொண்டே ஒன்று சொல்லுவாள், ஒரு யானை வருது, ஒரு ஆளு அழுவுதாரு, இப்ப ரெண்டு பொம்பளைங்க சண்ட போடுதாங்க. அத்தனையும் நம்புவான். இல்லை நம்பாமல்தான் கேட்டானோ. ராத்திரி அப்பா பெட்டியை அணைத்ததும் திரை முழுக்கச் சுருங்கி நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாக நிற்கும், ஷட்டரை இழுப்பதற்குள் அண்ணனும் தங்கையும் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார்கள், யாருக்குக் கடைசிவரை தெரிகிறதோ அவர்களுக்கு ஜெயம். “இருக்கு.” “இருக்கு.” “எனக்குப் போயிட்டு.” “எனக்கு இருக்கே.” எப்போதுமே அண்ணனுக்குத்தான் இருந்தது. ஷட்டரைப் பூட்டிய பிறகும் அவனுக்கு இருந்தது.

நடுப்புள்ளி. கையிலிருந்த துணி நின்றுவிட்டது. இப்போதுதான் உறைக்கிறது, அண்ணனை வரச்சொன்னது டிவியைக் காட்டவா, அவன் கண்ணைச் சோதிக்கவா. கோவில்பட்டியில் அந்தப் பொட்டைத் தொட்டபோது மனதில் இருந்தது வெறும் ஆசைதானே, அண்ணன் பார்த்தால் குதிப்பான் என்கிற ஆசை. அது எப்போது பொறியாக மாறியது? மசால்வடைக்குப் பதிலாக ஒரு வெள்ளைப் புள்ளியை மாட்டி வைத்துவிட்டு, எலி வருகிற வழியில் லாரிகளை ஓடவிட்டிருக்கிறாள். நேராகக் கேட்டிருக்கலாம். ஆட்டோவில் வா என்றாவது சொல்லியிருக்கலாம், சொன்னால் ஏன் என்பான், ஏன் என்றால் சொல்ல வேண்டியிருக்கும். இத்தனை வருஷம் அடுத்தவர் வாக்கியத்தைச் சொல்லிப் பிழைத்தவளுக்குத் தன் வாக்கியம் என்று ஒன்று வாயில் வர மறுக்கிறது. போன் செய்யலாமா? வண்டி ஓட்டும்போது போன் அடித்தால் எடுப்பான், அவன் எடுக்கிற ஆள். வேண்டாம். மதினிக்குச் செய்யலாம், செய்து என்ன கேட்பது. ஒரு ஸ்கூட்டர் வாசலில் வேகம் குறைந்தது, குறைந்து, போய்விட்டது. இன்னொன்று. அது ஸ்கூட்டரே இல்லை, கீழ்வீட்டு மிக்ஸி. தூரத்தில் ஒரு ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது, கேட்கவில்லை, கேட்டது. துறைமுகத்துச் சங்காக இருக்கும். முருகா என்று சொல்லிக்கொண்டு ஷட்டரை மூடினாள், திறந்தாள், மூடினாள். அப்போது கீழே ஒரு ஆட்டோ நின்றது.

ஆட்டோவில் யார் வந்தாலும் தனக்கென்ன என்றுதான் எட்டிப் பார்த்தாள். இறங்கினது திரவியம் அண்ணன். கையில் ஒரு மக்ரூன் டப்பா, தலையில் ஹெல்மெட். ஆட்டோவிலிருந்து ஹெல்மெட்டோடு இறங்குகிற ஆளை அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை. படியிறங்கினாள், பாதியில் நின்றாள், ஏனென்றால் பாதிப்படியில்தான் வளைவு இருக்கிறது, கால் தவறுகிற இடம். “வண்டி எங்கண்ணே?” “பஞ்சர்” என்றான், ஏறிக்கொண்டே, கைப்பிடிச்சுவரை உள்ளங்கையால் தடவியபடி. “என்னட்டீ இந்த வீட்டுப் படி, குருட்டுக் கெணறு மாதிரி இருக்கு. லைட்டு கெடையாதா?” வளைவுக்கு மேலே பல்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் சுவிட்சுப் பக்கம் திரும்பக்கூட இல்லை. “இங்கன ஒரு திருப்பம் இருக்கு. எடது கைப்பக்கம். இன்னும் ரெண்டு படி. இப்ப ஒண்ணு. வந்துட்டு” என்று அவள் வாய் பாட்டுக்குச் சொல்லியது, அவன் கால் அதைக் கேட்டுக்கொண்டே ஏறியது. மேலே வந்ததும் மூச்சு வாங்க, “நல்லாத்தான் சொல்லுத. அன்னைக்கி இப்படிச் சொல்லிருந்தா ஒரு நல்ல படம் பாத்துருப்போம், போதும்னதப் போகுதுன்னவ” என்றான், அவள் காதைப் பார்த்து.

டப்பாவை வாங்கி வைத்தாள். அவன் பெட்டியைப் பார்க்கவில்லை, போய்த் தொட்டான். மேல்மூலைக்கு நேராகக் கை போனது, பொட்டு வைத்த இடத்தில் விரல் நின்றது. “அடி மூதி, எங்கருந்து பிடிச்ச? நம்மதா?” “நம்மது இல்ல. கோவில்பட்டிக்காரங்களது.” “அவங்களும் இங்கனதான் வெச்சானுவளா.” ஷட்டரைத் தள்ளினான், அது சத்தமில்லாமல் இரண்டு பக்கமும் போனது. “மெழுகுவத்தி தேச்சிருக்க.” “ஆமா.” “அப்பா தேய்ப்பாரு. பரீச்ச வந்தா பூட்டி, சாவிய அரணாக்கொடியில கட்டிக்கிடுவாரு. நீ இங்கிலீஷ்ல அழுவ.” அவள் ஜன்னல்களைச் சாத்தித் திரைச்சீலையை இழுத்துவிட்டுக் குமிழைத் திருப்பினாள். பெட்டி சூடாக நேரம் எடுத்தது, முதலில் சத்தம் வந்தது, ஸ்ஸ்ஸென்று, பிறகு வெளிச்சம். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள், பழைய தூரத்தில். இப்போது கேட்க வேண்டும், கேட்டுவிடு, ஐயா உங்க கண்ணோட, ஐயா இல்லை அண்ணே, அண்ணே உன் கண்ணோட. வாய் திறந்தாள். அதற்குள் அவன் கேட்டுவிட்டான், தட்டட்டியிலிருந்து கேட்கிற அதே குரலில், “என்னட்டீ தெரியுது?”

பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவன் கேட்கிற கேள்வி இல்லை அது. கேட்டதும் அவனுக்கும் தெரிந்துவிட்டது. யானை வருது என்று சொல்லிவிடலாம், சொன்னால் சிரிப்பான், சிரித்து, மக்ரூன் தின்று, போய்விடுவான், போய் வண்டியை எடுப்பான். “எறும்புண்ணே” என்றாள். “திரை பூரா எறும்புதான்.” அண்ணன் தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் பறவை மாதிரிப் பார்த்தான். “எனக்கு ஓரத்துல ஊருது” என்றான். “நடுவுலதான் ஒண்ணுமில்ல. யாரோ கைய வெச்சுப் பொத்துன மாதிரி இருக்கு. ஒன் மூஞ்சியும் அப்படித்தான். நீ ஊருக்கு வந்ததுலருந்து ஒன் மூஞ்சிய நான் பாக்கவே இல்லட்டீ.” அவள் விதியை மறந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “மதினிக்குத் தெரியுமா?” “அவளுக்குத் தெரியும். நான் சொல்லலங்கதுனால தெரியாத மாதிரி இருக்கா.” மறு கையால் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, “பஞ்சர்லாம் இல்ல. பாலத்த எறங்குனா முன்னால ஒரு லாரி. அது நிக்குதா போகுதான்னு தெரியல. போகுதுன்னுதான் நெனச்சேன், நின்னுக்கிட்டு இருந்திருக்கு. பிரேக்கப் பிடிச்ச பிடியில கருப்பட்டிக் கடைக்காரன் ஓடி வந்துட்டான். வண்டிய அவன் கடையில விட்டுட்டு ஆட்டோ பிடிச்சேன்” என்றான். சட்டைப்பையிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்து அவள் கையைத் தேடி வைத்தான். “இந்தா. இதையும் அதுக்குள்ள போட்டுப் பூட்டு. போதும்.” பிறகு அவள் காதுக்கு நேராகக் குனிந்து, “இந்தத் தடவ சரியாக் கேட்டியா?” “கேட்டுட்டு. போதும்னு சொன்ன.” “நாளைக்கி கண்ணாஸ்பத்திரிக்கு நீ கூட வா. டாக்டர் என்ன சொன்னாலும் எனக்கு மண்டையில ஏறாது. நீ நடுவுல நின்னு சொல்லு. ஆனா யானை வருதுன்னுலாம் சொல்லப்பிடாது, என்ன இருக்கோ அதத்தான் சொல்லணும்.” “சரிண்ணே.” “சரி, அணை. எறும்பு சத்தம் தாங்கல.”

குமிழைத் திருப்பினாள். எறும்பெல்லாம் ஒரே ஓட்டமாக நடுவுக்கு ஓடின. இருட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி, அரிசி அளவு, பிறகு கடுகு அளவு. மெக்கானிக்கை வரவேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். அண்ணன் திரைப்பக்கம் பார்க்கவே இல்லை, அவள் பக்கம்தான் முகத்தைத் திருப்பியிருந்தான். “இருக்கா?” என்றான். “இருக்கு.” “போனதும் சொல்லு.” கடுகு ரவையானது, ரவை தூசியானது, தூசி இருந்த இடம் மட்டும் இருந்தது, பிறகு அதுவும் இல்லை. கறுப்புக் கண்ணாடியில் திரைச்சீலையின் விளிம்புவெளிச்சமும், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தலைகளும். “இப்ப?” “இருக்கு.” சாவி அவள் உள்ளங்கையில் அவனுடைய சூட்டோடு இருந்தது. கீழ்வீட்டு மிக்ஸி ஓடி நின்றது. “இப்பவுமா?” “இருக்குண்ணே.” “ஏட்டி, இவ்வளவு நேரமா இருக்கும்?” “நீ சொன்னப்ப நான் நம்பலியா?” அவன் சிரித்தான், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினான், குறி தவறாமல். “சரி” என்றான், “இருக்கட்டும்.”